வலி போன பிறகு படித்த பாடம்



இன்று ஜனவரி 30. காந்தியடிகள் மறைந்த நாள். என் வகுப்பில் இருந்தவர்களுக்குப் பதினோரு மணிக்கு எழுந்து நின்ற அந்த இரண்டு நிமிட மௌனம் நினைவிருக்கும். நம் நாட்டில் தொழுநோய் ஒழிப்பு நாளும் இதுதான் என்பது பலருக்கு மறந்திருக்கலாம். சேவாகிராமத்தில் பர்ச்சுரே சாஸ்திரி என்ற தொழுநோயாளிக்குக் காந்தி தம் கையாலேயே பணிவிடை செய்தார். அந்த நினைவாகத்தான் இந்த நாள். கொஞ்சம் நீளமாக எழுதப் போகிறேன். வகுப்பில் மணி அடித்த பிறகும் விடாதவள்தானே நான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எழுதக் காரணம் இருக்கிறது. போன மாதம் என் பழைய மாணவர் ஒருவர் மகள் கல்யாணப் பத்திரிகை வைக்க வந்தார். பெயர் போட வேண்டாம், விஷயத்தை எழுதுங்கள் என்று அனுமதி தந்திருக்கிறார். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். தரையில் அவருடைய வலது காலடி மட்டும் ஈரமாகப் பதிந்துகொண்டே வந்தது. மழை இல்லாத நாள். உட்காரவைத்துக் காலைத் திருப்பச் சொன்னேன். கட்டைவிரலுக்குக் கீழே ஒரு ரூபாய் அளவுக்குப் புண், நடுவில் ஒரு சின்ன ஆணி. பதினான்கு வருடமாகச் சர்க்கரை நோய். ஆணி எப்போது ஏறியது என்றே அவருக்குத் தெரியாது.

"வலிக்கவே இல்ல டீச்சர். அதனாலதான் பாக்கவே இல்ல" என்றார்.

இதே வாக்கியத்தை நாற்பத்தைந்து வருடங்களுக்கு முன்னால் வேறு மனிதர்களின் வாயிலிருந்து கேட்டிருக்கிறேன். அவர்கள் தொழுநோயாளிகள். வலிக்காத காலையும் கையையும் எப்படிக் காப்பாற்றுவது என்று உலகத்துக்கே கற்றுக்கொடுத்ததில் நம் பழைய வட ஆற்காடு மாவட்டத்துக்குப் பெரிய பங்கு உண்டு. நம் பாடப்புத்தகத்தில் அது இல்லை. நானும் உங்களுக்கு நடத்தவில்லை. அந்தக் கடனை இன்று தீர்த்துவிடுகிறேன்.

1979இல் குடியாத்தம் பக்கத்துக் கிராமப் பள்ளி ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தேன். அப்போது வட ஆற்காடு, நாட்டிலேயே தொழுநோய் அதிகமாக இருந்த பகுதிகளில் ஒன்று. மாதம் ஒருநாள் ஊர் எல்லையில், புளியமரத்தடியில் மருத்துவம் நடக்கும். சைக்கிளில் ஒரு ஊழியர் வருவார். பெரிய பெட்டி ஒன்று, மாத்திரை டப்பா, ஒவ்வொருவருக்கும் ஓர் அட்டை. சாயங்காலம் வீடு திரும்பும் வழியில் தூரத்திலிருந்து பார்த்திருக்கிறேன். கிட்டே போகப் பயம். படித்தவளுக்கும் பயம்தான்.

ஒருநாள் என்ன தோன்றியதோ, நின்று பார்த்தேன். ஒரு முதியவர், லுங்கி நெய்கிறவர், ஒரு பேசினில் தண்ணீர் ஊற்றி இரண்டு பாதங்களையும் ஊறவைத்துக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரம் கழித்து ஒரு சொரசொரப்பான கல்லால் குதிகாலைத் தேய்த்தார். துடைக்காமல் ஈரத்தோடேயே தேங்காய் எண்ணெய் தடவினார். பிறகு பாதத்தைத் திருப்பி, ஒவ்வொரு விரல் இடுக்கையும் நகை வியாபாரி தங்கத்தைப் பார்ப்பதுபோல் பார்த்தார். நான் நிற்பதைக் கவனித்துவிட்டுச் சொன்னார்: "இந்தக் காலுக்கு வலி தெரியாதும்மா. அதான் கண்ணால பாக்கறேன். கண்ணுதான் இப்ப எனக்கு வலி."

அவர் செய்துகொண்டிருந்த அந்த எளிய காரியத்துக்குப் பின்னால் முப்பது வருட ஆராய்ச்சி இருந்தது என்பது அப்போது எனக்குத் தெரியாது.

கொஞ்சம் பின்னால் போவோம். தொழுநோய்க்குக் காரணம் ஒரு கிருமி என்பதை 1873இல் நார்வே நாட்டு மருத்துவர் ஹான்சன் கண்டுபிடித்தார். பாவத்தின் பலன், பரம்பரைச் சாபம் என்ற பேச்செல்லாம் அதோடு முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை. 1898இல் நம் நாட்டில் ஆங்கில அரசு ஒரு தொழுநோயாளர் சட்டம் போட்டது. ஆதரவற்றுத் திரியும் தொழுநோயாளிகளைப் பிடித்துத் தனி விடுதியில் அடைக்க அது அதிகாரம் கொடுத்தது. மருந்து என்று நீரடிமுத்து எண்ணெயை ஊசியாகப் போட்டார்கள். பெரிய பலன் இல்லை. 1940களில் டாப்சோன் வகை மருந்துகள் வந்தன. இந்தியாவில் அவற்றை முதலில் பயன்படுத்தியவர்களில் ஒருவர் டாக்டர் ராபர்ட் காக்ரேன். செங்கல்பட்டை அடுத்த திருமணியில் இருந்த லேடி வில்லிங்டன் தொழுநோய் நிலையத்தை அவர் கவனித்துவந்தார்.

மருந்து கிருமியைக் கொன்றது. ஆனால் மடங்கிப்போன விரல்கள் மடங்கியபடியே இருந்தன. ஆறாத புண்கள் ஆறாமலே இருந்தன. நோய் போய்விட்டது என்று சொன்ன பிறகும் ஆட்கள் விரல்களை இழந்துகொண்டே இருந்தார்கள். ஏன்? "அந்த நோயே அப்படித்தான், சதை அழுகி விழும்" என்றுதான் ஊரும் நம்பியது, பெரும்பாலான மருத்துவர்களும் நம்பினார்கள்.

இந்த இடத்தில்தான் பால் பிராண்ட் வருகிறார். 1914இல் நம் கொல்லிமலையில் பிறந்தவர். மிஷனரிப் பெற்றோரின் பிள்ளை. மலையில் வெறுங்காலோடு ஓடித் திரிந்தவரை ஒன்பது வயதில் படிக்க இங்கிலாந்துக்கு அனுப்பினார்கள். அப்பா 1929இல் மலையிலேயே காய்ச்சலில் இறந்துபோனார். பிள்ளை அங்கே முதலில் கற்றது மருத்துவம் அல்ல. தச்சு வேலையும் கட்டட வேலையும்தான். அதன் பிறகே மருத்துவம் படித்து அறுவை மருத்துவர் ஆனார். 1946இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்து சேர்ந்தார்.

மறுவருடம் காக்ரேன் அவரைச் செங்கல்பட்டுக்கு அழைத்துப் போய் நிலையத்தைச் சுற்றிக் காட்டினார். எங்கு பார்த்தாலும் மடங்கிய கைகள். ஒருவரிடம் தன் கையைப் பிடித்து அழுத்தச் சொன்னார் பிராண்ட். பலமே இருக்காது என்று எண்ணித்தான் கையைக் கொடுத்தார். பிடி இறுகியதில் அவருக்கே கை வலித்துவிட்டதாம். அந்த ஆளோ தான் எவ்வளவு அழுத்துகிறோம் என்பதே தெரியாமல் சிரித்துக்கொண்டிருந்தார். அந்தக் கையில் நல்ல தசைகள் மிச்சம் இருக்கின்றன என்பது பிராண்டுக்குப் புரிந்தது. நல்ல தசைநாணை எடுத்து, செயலிழந்த தசையின் வேலையைச் செய்யும்படி இடம் மாற்றினால் விரல் நிமிரும். 1948இல் வேலூரில் அந்த அறுவைச் சிகிச்சைகள் தொடங்கின. விரல்கள் நிமிர்ந்தன.

பிராண்டின் பெயரைச் சொல்கிறவர்கள் பெரும்பாலும் இந்த அறுவைச் சிகிச்சையோடு நிறுத்திக்கொள்வார்கள். எனக்கு இதற்குப் பிறகு நடந்ததுதான் முக்கியம். அறுவை செய்த காயங்கள் மற்ற மனிதர்களுக்கு ஆறுவதுபோலவே ஆறின! அப்படியென்றால் சதையில் கோளாறு இல்லை. பிறகு ஏன் விரல்கள் குறைந்துகொண்டே போகின்றன?

விடை ஒரு பூட்டில் கிடைத்தது. துருப்பிடித்த பூட்டைத் திறக்க முடியாமல் பிராண்ட் திணறிக்கொண்டிருந்தபோது, நோயாளிச் சிறுவன் ஒருவன் "நான் திறக்கிறேன்" என்று வாங்கி ஒரே திருப்பில் திறந்துவிட்டான். இவனுக்கு எப்படி இவ்வளவு பலம் என்று பார்த்தால் தரையில் ரத்தத் துளிகள். சாவி அவன் விரலை எலும்பு தெரியக் கிழித்திருந்தது. அவனுக்குத் தெரியவே இல்லை. நமக்குச் சாவி அழுத்தினால் வலிக்கும், வலித்தால் விட்டுவிடுவோம். அவனை நிறுத்த வலி இல்லை.

அதிலிருந்து பிராண்டும் உடன் இருந்தவர்களும் துப்பறிவாளர்கள்போல ஆனார்கள். 1950களின் தொடக்கத்தில் கல்லூரி வளாகத்தில் நோயாளிகள் தங்க நவஜீவ நிலையம் என்று ஒரு சின்னக் குடியிருப்பு அமைத்தார்கள். அங்கே மரப் பொம்மை செய்யும் தொழில் கற்றுக்கொடுத்தார்கள். அவருடைய பழைய தச்சு வேலை அங்கே கைகொடுத்தது. தினமும் ஒவ்வொருவர் கையையும் பார்ப்பார்கள். புதிதாக ஒரு கீறலோ கொப்புளமோ இருந்தால் எப்படி வந்தது என்று கண்டுபிடிக்காமல் விடுவதில்லை. சுத்தியலின் கைப்பிடி. சூடான பாத்திரம். ராத்திரி படுக்கும்போது நன்றாக இருந்த கையில் காலையில் கொப்புளம் என்றால், அரிக்கேன் விளக்கை அணைக்கும்போது சூடான கண்ணாடியில் புறங்கை பட்டிருக்கிறது.

சிலருக்கு இரவோடு இரவாக விரலில் சதையே காணாமல் போனது. அழுகி விழவில்லை, உதிர்ந்த துண்டும் கிடைக்கவில்லை. விழித்திருந்து பார்த்தார்கள். எலி. தூங்குகிறவரின் விரலை எலி கடித்தால் நாம் அலறி எழுவோம். அவர்கள் எழவில்லை. அன்றிலிருந்து வீட்டுக்குப் போகிறவர்களுக்கு மருந்தோடு ஒரு பூனையையும் கொடுத்து அனுப்பினார்கள். வேடிக்கையாகத் தோன்றும். தொழுநோயில் விரல் தானாக விழுவதில்லை என்று உலகத்துக்குச் சொன்ன சான்றுகளில் அதுவும் ஒன்று.

அறிவியல் டீச்சர் கோபித்துக்கொள்ளாத அளவுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். தொழுநோய்க் கிருமி தோலையும் தோலுக்கு அருகில் ஓடும் நரம்புகளையும் பிடிக்கிறது. நரம்பு கெட்டால் மூன்று இழப்பு. ஒன்று, உணர்ச்சி போகிறது. இரண்டு, தசை செயலிழக்கிறது. அதனால்தான் விரல் மடங்குவது, பாதம் தொங்குவது, கண்ணிமை மூடாமல் போவது. மூன்று, வியர்வை நின்றுவிடுகிறது. இதை யாரும் கவனிப்பதில்லை. வியர்க்காத தோல் ஏரி வற்றிய நிலம்போல வெடிக்கும். வெடிப்பு வழியாக அழுக்கும் கிருமியும் உள்ளே போகும். வலி இல்லாததால் அந்தக் காலோடேயே நடப்பார்கள். புண் எலும்புவரை போகும்.

அந்த நெசவாளர் செய்ததை இப்போது நினைத்துப் பாருங்கள். தண்ணீரில் ஊறவைப்பது, இல்லாமல் போன வியர்வைக்குப் பதில். கல்லால் தேய்ப்பது, தடித்த தோல் உள்ளிருக்கும் சதையை அழுத்தாமல் இருக்க. ஈரத்தோடு எண்ணெய் தடவுவது, அந்த ஈரம் போய்விடாமல் இருக்க. கண்ணால் பார்ப்பது, வலிக்குப் பதில். காசு செலவில்லை, ஆஸ்பத்திரி தேவையில்லை. ஆனால் ஒருநாள் தவறாமல் ஆயுள் முழுக்கச் செய்ய வேண்டும்.

கண்ணுக்கும் பாடம் உண்டு. பிராண்டின் மனைவி மார்கரெட் கண் மருத்துவர். இமை மூடாதவர்களுக்கு, மெல்லுவதற்கு உதவும் தசையின் ஒரு பகுதியை இமைக்குத் திருப்பிவிடும் அறுவைச் சிகிச்சையைச் செய்தார். பல்லைக் கடித்தால் இமை மூடும். ஆனால் அடிக்கடி கடிக்க வேண்டும் என்பதை அந்த ஆள்தான் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். நாம் நினைக்காமலே செய்கிற கண் சிமிட்டலை ஒருவர் பாடமாகப் படித்துச் செய்தார்! அறுவைச் சிகிச்சை பாதி வேலை. மீதி அவர் கையில்.

பிறகு செருப்பு. இலங்கையில் மில்ராய் பால் என்ற அறுவை மருத்துவர், புண் வந்த காலுக்கு மாவுக்கட்டுப் போட்டு அப்படியே நடக்கவிட்டால் புண் ஆறுகிறது என்று 1930களிலேயே காட்டியிருந்தார். எடை பாதம் முழுக்கப் பரவுவதால், புண் உள்ள இடத்தில் அழுத்தம் குறைகிறது. வேலூரிலும் அந்த வழியைக் கையாண்டார்கள். ஆறிய பிறகு மறுபடி புண் வராமல் இருக்க வேண்டுமே? மரக்கட்டை, தோல், ரப்பர் என்று பலவற்றைச் சோதித்து, எம்.சி.ஆர். என்கிற நுண்துளை ரப்பருக்கு வந்து சேர்ந்தார்கள். உள்ளே மெத்தென்ற ரப்பர், அடியில் முள்ளும் ஆணியும் ஏறாத கெட்டி டயர். எங்கும் ஆணி அடிக்கக் கூடாது, ஒட்டவும் தைக்கவும்தான் வேண்டும். விரலால் பற்ற முடியாதவர்களுக்காகக் குதிகாலில் ஒரு வார். காட்பாடி அருகே கரிகிரியில் 1955இல் திறந்த தொழுநோய் மருத்துவ நிலையம் இந்த வேலைக்குப் பெரிய மையமாயிற்று. கரி என்றால் யானை, கிரி என்றால் மலை என்று தமிழ் ஐயா சொல்லியிருப்பார். அங்கே பயிற்சி பெறப் பல நாடுகளிலிருந்து ஆட்கள் வந்தார்கள்.

செருப்பிலும் ஒரு பாடம் கற்றார்கள். அந்தக் காலத்தில் அந்த மாதிரிச் செருப்பை வேறு யாரும் போடுவதில்லை. தெருவில் போனால் "இவனுக்கு அந்த நோய்" என்று செருப்பே காட்டிக்கொடுத்தது. புளியமரத்தடியில் வாங்கியதைப் பையில் சுருட்டி, ஊருக்குள் வெறுங்காலோடு நடந்து போன பெண்களை நான் பார்த்திருக்கிறேன். காலைக் காக்கிற செருப்பு, மானத்தைக் காக்கவில்லையே. நல்ல பாடமாக இருந்தாலும் கேட்கிறவரின் வாழ்க்கைக்குள் அது நுழைய முடியவில்லை என்றால் பயனில்லை என்பதை நான் பயிற்சிக் கல்லூரியில் கற்கவில்லை, அங்கேதான் கற்றேன். பிற்பாடு கடைச் செருப்பு மாதிரியே தோற்றத்தில் எம்.சி.ஆர். செருப்பு செய்ய ஆரம்பித்தார்கள்.

1966இல் பிராண்ட் அமெரிக்காவில் லூசியானா மாநிலத்தில் இருந்த கார்வில் தொழுநோய் மருத்துவமனைக்குப் போனார். அங்கே ஒரு பெரிய முயற்சி செய்தார்கள். இயற்கை கொடுத்த வலி போய்விட்டது, செயற்கையாக ஒரு வலியைச் செய்து கொடுத்தால் என்ன? கையுறையிலும் காலுறையிலும் அழுத்தத்தை அளக்கும் கருவி. அதிகமாக அழுத்தினால் காதில் ஓசை வரும். ஓசையை யாரும் பொருட்படுத்தவில்லை. சரியென்று, உணர்ச்சியுள்ள வேறோர் இடத்தில் மின் அதிர்ச்சி வரும்படி வைத்தார்கள். என்ன நடந்தது தெரியுமா? அழுத்தமான வேலை ஏதாவது செய்ய வேண்டி வந்தால் கருவியை நிறுத்திவிட்டு, வேலையை முடித்துவிட்டு, மறுபடி போட்டுக்கொண்டார்கள்! வெளியே இருந்து வந்த எச்சரிக்கையை அவர்கள் தங்களுடையதாக ஏற்கவில்லை. கடைசியில் அந்த முயற்சியைக் கைவிட்டார்கள்.

மேஜையில் பிரம்பு இருக்கும்வரை படிப்பது, டீச்சர் திரும்பியதும் விடுவது என்பதும் இதே கதைதான். ஆணையும் அதிர்ச்சியும் செய்யாத வேலையைப் பழக்கம் மட்டுமே செய்தது. "இது என் கால், நான்தான் பார்க்க வேண்டும்" என்று அந்த ஆளே நினைக்க வேண்டும்.

இதைக் கற்றுக்கொள்ள மருத்துவத் துறைக்கே நாளாயிற்று. 1981இல் உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு கூட்டு மருந்துச் சிகிச்சையைப் பரிந்துரைத்தது. 1983இல் நம் நாட்டில் தேசியத் தொழுநோய் ஒழிப்புத் திட்டம் வந்தது. இப்போது ஆறு மாதத்திலோ பன்னிரண்டு மாதத்திலோ நோய் குணமாகிவிடுகிறது. பெரிய வெற்றி, மறுக்கவே முடியாது. 2005 டிசம்பரில் பத்தாயிரம் பேருக்கு ஒருவருக்கும் குறைவு என்ற நிலையை இந்தியா எட்டியது. ஆனால் மருந்து முடிந்ததும் பெயர் பதிவேட்டிலிருந்து நீங்கிவிடும். போன உணர்ச்சி பெரும்பாலும் திரும்பி வராது. பதிவேட்டில் நோயாளி இல்லை, வீட்டில் ஆறாத புண் இருக்கிறது.

அந்தப் புண்ணோடு அவர்கள் வாராவாரம் மருத்துவ நிலையத்துக்கு வருவார்கள். நர்ஸ் கட்டுப் போடுவார். அடுத்த வாரம் அழுக்குக் கட்டோடு மறுபடி வருவார்கள். புண் நர்ஸின் பொறுப்பு ஆகிவிட்டது. எத்தியோப்பியாவில் அதிஸ் அபாபாவில் உள்ள அலெர்ட் மையம் 1990களில் இதை மாற்றிப் பார்த்தது. ஊர் ஊராகச் சுயபராமரிப்புக் குழுக்கள் அமைத்தார்கள். பாதிக்கப்பட்டவர்கள் வட்டமாக உட்கார்ந்து ஒருவர் காலை ஒருவர் பார்ப்பார்கள். உனக்கு எப்படி வந்தது, எனக்கு எப்படி ஆறியது என்று பேசிக்கொள்வார்கள். புண்கள் குறைந்ததோடு, முகம் காட்டக் கூச்சப்பட்டவர்கள் கோயிலுக்கும் கல்யாணத்துக்கும் போக ஆரம்பித்தார்கள். நேபாளத்திலும் நம் நாட்டிலும் இப்படிப்பட்ட குழுக்கள் இன்று இருக்கின்றன. டாக்டர் சொன்னால் கேட்காததைப் பக்கத்து வீட்டுக்காரர் சொன்னால் கேட்கிறோம். மாணவன் மாணவனுக்குச் சொல்லிக்கொடுப்பதுபோல டீச்சராலும் முடியாது.

இதுவரை வரலாறு. இனி என் கதை. இதை எழுதலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன்.

நான் வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது வருடம், பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளைப் பரிசோதிக்க அந்தச் சைக்கிள் ஊழியர் வந்தார். எட்டாம் வகுப்புப் பையன் ஒருவனின் முதுகில் வெளிறிய தேமல். பஞ்சால் தொட்டுப் பார்த்தார், பையனுக்குத் தெரியவில்லை. முழங்கை நரம்பைத் தொட்டுப் பார்த்து அட்டையில் எழுதிக்கொண்டார். "ஆரம்பம்தான். மாத்திரை சாப்பிட்டால் போதும், வகுப்பில் எப்போதும்போல உட்காரலாம்" என்று தெளிவாகச் சொல்லிவிட்டுப் போனார். ஆனால் ஒரு வாரத்தில் ஊரில் பேச்சு பரவிவிட்டது. பெற்றோர் நாலு பேர் வந்து நின்றார்கள். பையனை அனுப்பிவிடுவது என்று மேலே முடிவு செய்தார்கள். நான் வகுப்பாசிரியை. மாற்றுச் சான்றிதழை என் கையால் எழுதினேன். விலகும் காரணம் என்ற இடத்தில் "பெற்றோர் விருப்பம்" என்று எழுதினேன். அது பொய். நடத்தை என்ற இடத்தில் "நன்று" என்று எழுதினேன். அது ஒன்றுதான் உண்மை. எதிர்த்து ஒரு வார்த்தை பேசவில்லை.

பதினாறு வருடம் கழித்துப் பேருந்து நிலையத்து டீக்கடையில் ஒருவர் "டீச்சர்" என்று கூப்பிட்டார். வலது கையில் சுண்டுவிரலும் மோதிரவிரலும் மடங்கியிருந்தன. டீ கிளாஸைத் துண்டை மடித்து அதன் மேல் பிடித்திருந்தார். பள்ளிக்கூடத்திலிருந்து அனுப்பியதும் வீட்டில் பயந்துபோய் மூன்று வருடம் யார் கண்ணிலும் படாமல் வைத்திருந்தார்களாம். மரத்தடி மருத்துவத்துக்கும் அனுப்பவில்லையாம். "அப்புறம் மாத்திரை சாப்ட்டு முடிச்சிட்டேன் டீச்சர். நோய் போயிடுச்சி. விரல் மட்டும் வரல."

துண்டைப் பார்த்தேன். "சூடு தெரியாது டீச்சர். கரிகிரியில சொல்லிக்குடுத்தாங்க. தினமும் காலையில கையைப் பாத்துட்டுதான் வேலைக்குப் போவேன்" என்றார். என் மேல் கோபம் இருக்கிறதா என்று கேட்கத் துணிவு வரவில்லை. பஸ் வந்தது. ஏறும்போது அவராகவே சொன்னார்: "உங்க கையெழுத்துல இருக்கற டி.சி. இன்னும் வீட்ல இருக்கு டீச்சர். எந்த ஸ்கூல்லயும் குடுக்கல."

அந்த மூன்று வருடத்தில் போனவைதான் அந்த இரண்டு விரல்கள். ஆரம்பத்திலேயே மருந்து சாப்பிட்டிருந்தால் நரம்பு பிழைத்திருக்க நல்ல வாய்ப்பு இருந்தது. ஒளித்துவைக்கிற ஒருவரால் மருந்தும் வாங்க முடியாது, வாசலில் உட்கார்ந்து காலை ஊறவைக்கவும் முடியாது. நாம் கொடுக்கிற வெட்கம், அவர்கள் கற்ற பாடத்தைச் செய்யவிடாமல் தடுக்கிறது. வி.எஸ். சீனிவாச சாஸ்திரியின் கடிதங்களைப் பதிப்பித்த டி.என். ஜெகதீசனும் இந்த நோயோடு வாழ்ந்தவர்தான். மறைக்காமல் வெளியே வந்து, தன் கதையைப் புத்தகமாக எழுதி, நாடு முழுக்க இதற்காக உழைத்தார். அந்தத் துணிச்சல் எல்லோருக்கும் வராது. வரவில்லை என்பதற்காக அவர்களைக் குறைசொல்ல நமக்கு உரிமையும் இல்லை. 1898இன் அந்தச் சட்டத்தை நீக்கியதே 2016இல்தான். தொழுநோயை மணவிலக்குக்குக் காரணமாகக் காட்டலாம் என்ற விதியை 2019இல்தான் எடுத்தார்கள்.

இப்போது பத்திரிகை கொண்டுவந்த மாணவரிடம் திரும்புகிறேன். கார்வில்லில் தொழுநோயாளிகளுக்குச் செய்த மாவுக்கட்டும் செருப்பும் அப்படியே சர்க்கரை நோயாளிகளின் காலுக்கும் பொருந்துவதை 1980களில் பிராண்டின் குழுவினர் எழுதினார்கள். இன்று சர்க்கரை நோயாளிகளுக்கு டாக்டர்கள் எழுதிக்கொடுக்கும் எம்.சி.ஆர். செருப்பு, ஒரு காலத்தில் நாம் பார்த்து ஒதுங்கிய செருப்பேதான். யாரை ஊருக்கு வெளியே உட்காரவைத்தோமோ, அவர்கள் காலில் கற்ற பாடம்தான் இன்று நம் காலைக் காப்பாற்றுகிறது.

ஆகவே வீட்டுப்பாடம். நாற்பது வயது தாண்டியவர்கள், சர்க்கரை உள்ளவர்கள் எல்லோரும் எழுதிக்கொள்ளுங்கள்.

1. தினமும் ராத்திரி பாதத்தின் அடிப்பக்கத்தைப் பாருங்கள். குனிய முடியாவிட்டால் தரையில் கண்ணாடி வைத்துப் பாருங்கள், அல்லது வீட்டில் யாரையாவது பார்க்கச் சொல்லுங்கள்.

2. செருப்பு போடும் முன் உள்ளே கைவிட்டுத் தடவுங்கள். கையிலும் மரத்துப்போயிருந்தால் தட்டிவிட்டுக் கண்ணால் பாருங்கள். வீட்டுக்குள்ளும் வெறுங்கால் வேண்டாம்.

3. தண்ணீர்ச் சூட்டைக் காலால் பார்க்காதீர்கள். முழங்கையால் பாருங்கள்.

4. வலிக்காத புண்ணைத்தான் அதிகமாகப் பயப்பட வேண்டும். அதே நாளில் டாக்டரிடம் போங்கள்.

5. ஒரு வேறுபாடு கவனம்: ஊறவைத்துக் கல்லால் தேய்ப்பது, வியர்வை நின்ற தோலுக்காகத் தொழுநோயாளிகளுக்குச் சொன்னது. புண் இருந்தால் அவர்களும் அந்த இடத்தைத் தேய்க்கக் கூடாது. சர்க்கரை நோயாளிகள் காலை நெடுநேரம் ஊறவைக்க வேண்டாம், ஆணிக்காலைத் தாங்களே செதுக்க வேண்டாம். கழுவி, விரல் இடுக்கை ஈரமில்லாமல் துடைத்து, இடுக்கை விட்டுவிட்டு மற்ற இடத்தில் எண்ணெய் தடவுங்கள்.

6. உடம்பில் உணர்ச்சி இல்லாத தேமல் இருந்தால், உங்களுக்கோ வீட்டில் வேலை செய்கிறவருக்கோ பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கோ, ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்துப் போங்கள். மருந்து இலவசம், முழுக்கக் குணமாகும். யாரையும் எங்கும் அனுப்பவேண்டியதில்லை. உங்களில் பதினேழு பேர் இன்று ஆசிரியர்கள். இந்தக் கடைசி வரி உங்களுக்குத்தான்.

பத்திரிகை கொண்டுவந்தவருக்கு மாவுக்கட்டுப் போட்டிருக்கிறார்கள். மகள் கல்யாணத்துக்குள் ஆறிவிடும் என்று டாக்டர் சொன்னாராம். நேற்று போன் செய்து, "தினமும் கண்ணாடி வெச்சிப் பாக்கறேன் டீச்சர்" என்றார். நெசவாளர் ஒருவர் சொன்ன வாக்கியத்தை அவருக்குச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை.

இன்று ராத்திரி எல்லோரும் காலைப் பார்த்துவிட்டுத் தூங்குங்கள். பார்த்தவர்கள் கீழே "பார்த்தேன் டீச்சர்" என்று எழுதுங்கள். வருகைப் பதிவு எடுக்கப் போகிறேன்.

அன்புடன்,
உங்கள் வரலாற்று டீச்சர்